சுண்ணாம்பு அடித்த உள்சுவரில் திட்டு ஏன் விழுகிறது?

வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும், அதுதான் அழகே என்று இப்போது நிறைய பேர் படம் போட்டு எழுதுகிறார்கள். பாதி சரி. நல்ல வெள்ளையடிப்பில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருக்கும், பக்கத்தில் போய் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும், எமல்ஷன் சுவருக்கு அது வராது. ஆனால் சுவிட்ச் பெட்டியைச் சுற்றி வளையம், கூரைக்குக் கீழே பட்டையாக ஒரு கோடு, சுவரின் நடுவில் நேற்றைய வேலை நின்ற இடம், சாய்ந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை, இதெல்லாம் அழகில் சேராது. வேலை சரியில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். முன்கட்டு பழைய சுண்ணாம்புக் காரை, பின்கட்டு பிற்பாடு சிமெண்ட் பூசியது, நடுவில் ஒயரிங் செய்தபோது சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் வைத்து அடைத்த கோடுகள் வேறு. ஒரே வாளி, ஒரே மட்டை (பிரஷுக்குப் பதில் நுனி நசுக்கிய பனை மட்டை), அடித்தது ஒரே ஆள். காய்ந்த பிறகு பார்த்தால் முன்கட்டு ஒரு வெள்ளை, பின்கட்டு வேறொரு வெள்ளை, கொத்தி அடைத்த இடமெல்லாம் மேப் போட்டது போலத் தனியாகத் தெரிந்தது. சுண்ணாம்பு மட்டமோ என்று கேட்டேன். அடிக்க வந்த பெரியவர், "சுண்ணாம்பை ஏம்மா திட்டுற, சுவர் எந்த இடத்துல எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு பாரு" என்றார். இந்தப் பதிவே அந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

நடப்பது இது. நீரில் கரைத்த சுண்ணாம்பு சுவரில் பட்டதும், சுவர் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வேகமாக இழுக்கும் இடத்தில் சுண்ணாம்பு பரவ நேரமில்லாமல் அப்படியே தடிப்பாக நின்றுவிடும், இழுக்காத இடத்தில் வழுக்கிக்கொண்டு மெல்லிசாக ஓடும். அதோடு முடியவில்லை. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்தால் போதாது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுக வேண்டும், அதற்கு ஈரம் இருக்க வேண்டும், முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். சட்டென்று உலர்ந்த இடம் இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். சட்டையில் ஒட்டுவது அந்த மாவுதான். ஆக, நிறத் திட்டு, மாவு உதிர்வது இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அதனால் மட்டையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவரில் அங்கங்கே தெளியுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் நல்ல சுவர், கொஞ்சம் அவசரக்காரச் சுவர். மெதுவாக உறிஞ்சினால் இன்னும் நல்லது. முத்து முத்தாக உருண்டு கீழே ஓடினால் அங்கே எமல்ஷனோ எண்ணெய்ப் பெயிண்டோ இருக்கிறது, அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, இன்று ஒட்டினாலும் பிறகு செதில் செதிலாக வரும். சுரண்டித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி எதையும் நான் நம்புவதில்லை. பழைய டிஸ்டெம்பர் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் பவுடர் பூச்சு) என்றால் ஈரத்துணியால் தேய்த்தாலே கையோடு வரும், அதையும் கழுவிவிடுங்கள். கொத்தி அடைக்கும் வேலை இனிமேல்தான் என்றால் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையாலேயே அடைக்கச் சொல்லுங்கள், எலக்ட்ரீசியன் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஏற்கெனவே சிமெண்ட் அடைப்பு இருந்தால் அந்த இடங்களுக்கு மட்டும் தண்ணியாகக் கரைத்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து முன்கூட்டியே ஒரு கை கொடுத்து, காய்ந்த பிறகு முழுச் சுவருக்குப் போனால் வித்தியாசம் பெரும்பாலும் அடங்கும்.

அடுத்தது நனைப்பது. முதல் நாள் சாயங்காலம் ஒரு முறை, அடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு முறை. செடிக்கு மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் போதும், ஆனால் மருந்து அடித்த ஸ்பிரேயர் வேண்டாம், புதிதாக வாங்குங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் பளபளவென்று நிற்கக் கூடாது. ஒவ்வொரு பூச்சுக்கு முன்பும் இதே கதை. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கூலிக்கு வருபவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு நாளைக்கு வேறு வீடு இருக்கிறது, நனைக்கும் வேலையை வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சுண்ணாம்பு. பையில் வரும் தூளைவிடத் தாளிக்காத சுண்ணாம்பை, அதாவது இன்னும் தண்ணீர் படாத சுட்ட சுண்ணாம்பை, வாங்கி வீட்டில் தாளிப்பதே (தண்ணீரில் போட்டு நீற்றுவதே) எனக்குப் பிடிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெள்ளை இன்னும் எடுப்பாக வரும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டுக்குத் தாங்காது, தகர டிரம் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக் குறிப்பில் வெள்ளையடிக்கும் முறை தெளிவாகவே இருக்கிறது: தாளிக்காத சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் சுமார் 5 லிட்டர், 24 மணி நேரம் ஊற வேண்டும், பிறகு சுத்தமான முரட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும், பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும், வெள்ளை தூக்கலாகத் தெரிய நீலம் கிலோவுக்கு 3 கிராம் வரை போகலாம். நம் ஊரில் பிசினுக்குப் பதில் வச்சிரப் பசையோ வடிகஞ்சியோ சேர்ப்பார்கள். எதுவானாலும் கொஞ்சமாக. பிடிப்பு அதிகம் வேண்டும் என்று பசையை அள்ளிப் போட்டால் தோல் போல உரியும்.

வடிகட்டியது பால் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணியாக இருக்கிறதே, சுவரே தெரிகிறதே என்று பயம் வரும். ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி போலத்தான் இருக்கும், காயும்போதுதான் வெள்ளை எழும்பும். அந்தப் பயத்தில் கெட்டியாகக் கரைத்து ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வெடிப்பு விழும், மட்டை போன தடம் அப்படியே நிற்கும். மெல்லிசாக 3 பூச்சாவது, புதுச் சுவர் என்றால் 4 அல்லது 5, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். வாளியை அடிக்கடி அடிவரை கிளறுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ளது நீராகவும் கீழே உள்ளது கூழாகவும் போய், சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குள் நிறம் மாறிவிடும்.

ரோலர் வேண்டாம். அகலமான பிரஷ் அல்லது நசுக்கிய பனை மட்டை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, அதன் மேலேயே கீழிருந்து மேலே, அது காய்வதற்குள் வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று. நான்கு திசையும் ஓடினால் தடம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

எமல்ஷன் அடித்துப் பழகியவர்கள் முதலில் ஓரங்களையெல்லாம் சின்ன பிரஷால் கட்டிவிட்டு அப்புறம் நடுவுக்கு வருவார்கள். சுண்ணாம்பில் அதைச் செய்தால் சுவருக்கு ஃபிரேம் போட்டது போல விளிம்பு தனியாகத் தெரியும், எத்தனை பூச்சு மேலே போட்டாலும் போகாது. ஓரமும் நடுவும் சேர்ந்தே நகர வேண்டும், அதற்கு ஆள் இரண்டு பேர், ஒருவர் மேலே ஏணியில், ஒருவர் கீழே. மூலையில் ஆரம்பித்தால் அடுத்த மூலையில்தான் நிறுத்த வேண்டும், டீ வந்தாலும் சரி, போன் வந்தாலும் சரி. முந்தின இழுப்பின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்தது அதில் கலக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், வெயில் விழும் ஜன்னலைச் சாத்துங்கள். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கத்துக்குப் பண்டிகைதான் காரணம் என்றாலும், மார்கழிக் குளிர்ச்சி சுண்ணாம்புக்கு வாகாகத்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஆடிக் காற்றிலும்.

நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் காவி, இரும்பு ஆக்சைடு வகைகள், இவை சுண்ணாம்பின் காரத்துக்குத் தாங்கும். இயற்கைதானே என்று மஞ்சள் தூளைக் கலக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று! அதுவும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். காவிப் பொடியை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து வேட்டித் துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும், சின்னக் கட்டி ஒன்று இருந்தாலும் மட்டை இழுத்த நீளத்துக்குக் கோடு போடும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறம் போனால் பிடிப்பு குறையும், ஆகவே அடர்ந்த நிறத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்த பிறகு பல மடங்கு வெளுக்கும், ஒரு ஓட்டில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டு மொத்தச் சுவருக்கும் தேவையானதை ஒரே தடவையில் கரைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. முதல் பூச்சு வெறும் வெள்ளையாக இருக்கட்டும், அதன் மேல் நிறம் சீராக உட்காரும்.

கடைசிப் பூச்சுக்கு முன்னால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத மேடு பள்ளமும் தடமும் எல்லாம் தெரியும். அதற்காக அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடக் கூடாது. சுண்ணாம்பில் டச்சப் கிடையாது, தொட்ட இடம் எப்போதும் காட்டிக்கொடுக்கும். திருத்துவதென்றால் சுவர் முழுவதையும் நனைத்து மூலைக்கு மூலை இன்னும் நீர்த்த பூச்சு ஒன்று, அது பெரும்பாலும் போதும். பிள்ளைகள் கிறுக்கினாலும் இதேதான். சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், தாளிக்கும் எண்ணெய் உள்ளே இறங்கினால் எந்தப் பூச்சுக்கும் மறையாது, அங்கே டைல்ஸ் ஒட்டிவிடுங்கள்.