தம்பி கேட்ட புல்வெட்டி

போன வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, புல் வெட்டுற மிஷின் ஒண்ணு வாங்கணும். எது நல்லதுன்னு சொல்லு." அவன் வீட்டின் பின்பக்கம் புல் பதித்து நான்கு மாதம் ஆகிறது. முதல் வெட்டுக்கு ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். இனிமேல் தானே வெட்ட வேண்டும் என்று ஆசை.

நான் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்துட்டு வா. புல்லில் ஒரு கொத்தைப் பிடுங்கி போட்டோ அனுப்பு. மாசத்துக்கு எத்தனை நாள் நிஜமா வெட்டுவேன்னு யோசிச்சுச் சொல்லு" என்றேன். ஒரு பெயரைச் சொன்னால் போய் வாங்கிவிடலாம் என்று காத்திருந்தவனுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் பதினொரு வருடத்தில் மூன்று மிஷின் மாற்றியவள் நான். அந்த மூன்று கேள்வியையும் அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு மிஷினோடு முடித்திருப்பேன்.

என் புல்தரை 120 சதுர மீட்டர். நடுவில் ஒரு பெரிய மரம், பின்னால் ஒரு சரிவு. முதலில் வாங்கியது பெட்ரோல் மிஷின், வெட்டும் அகலம் 46 செ.மீ. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நம்பினேன். அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் ஐந்து செ.மீ. ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோடு கோடாகப் புல் நிற்கும். அப்படிப் பார்த்தால் 46 செ.மீ. மிஷினோடு நான் நடப்பது 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 33 செ.மீ. மிஷின் என்றால் சுமார் 430 மீட்டர். வித்தியாசம் 140 மீட்டர், இரண்டு மூன்று நிமிட நடை. அதை மிச்சம் பிடிக்க, மரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் அந்தப் பெரிய வண்டியை முன்னும் பின்னும் இழுத்துப் பத்து நிமிடம் செலவழித்தேன். ஐந்நூறு, அறுநூறு சதுர மீட்டர் திறந்த வெளி என்றால் அகலத்துக்கு மதிப்பு உண்டு. மரமும் பாத்தியும் உள்ள சின்னத் தோட்டத்தில் திருப்புவதற்கு எளிதான வண்டிதான் வேகமான வண்டி.

பெட்ரோல் மிஷினின் பலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் உயரப் புல்லையும் மெல்ல மெல்லத் தள்ளினால் வெட்டிவிடும். ஆனால் ஒரு தடவை மூன்று மாதம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தபோது கிளம்பவே இல்லை. டேங்கில் நின்ற பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்த மெக்கானிக்தான் சொன்னார், நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள் என்று. அதன்பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. கடைசியில் அதை விற்றதற்குக் காரணம் எடை. முப்பது கிலோவை மூன்று படி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. வாங்கும்போது தட்டையான தரையில் தள்ளிப் பார்த்தேன், படியில் தூக்கிப் பார்க்கவில்லை.

அடுத்து வாங்கியது மோட்டார் இல்லாமல் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை வாங்கிய புல்வெட்டி இந்த வகைதான். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. சுழலும் பிளேடுகள், கீழே அசையாமல் ஒரு பிளேடு. இரண்டுக்கும் நடுவே புல் மாட்டும்போது கத்தரிக்கோலில் வெட்டினது போல நறுக்கென்று விழும். பெட்ரோல், மின்சார மிஷின்களில் பெரும்பாலும் இருப்பது வேறு முறை. ஒற்றை பிளேடு அதிவேகமாகச் சுற்றி, அந்த வேகத்தில் அடித்தே புல்லை வெட்டும். பிளேடு மழுங்கினால் வெட்டாமல் கிழிக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நுனி எல்லாம் பழுப்பாக இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

உருளைக்குச் சத்தம் கிடையாது, சரசர என்று ஒரு ஒலி மட்டும். விடிகாலையில் யார் தூக்கத்தையும் கெடுக்காமல் வெட்டலாம். ஆனால் அது ஒழுங்கை எதிர்பார்க்கும். நாங்கள் மூன்று வாரம் ஊரில் இல்லாமல் திரும்பியபோது புல் ஒரு சாண் உயரம். உருளை அதன்மேல் ஏறிப் புல்லைச் சாய்த்துக்கொண்டு போனதே தவிர, வெட்டவில்லை. மரத்தடியில் விழும் சுள்ளி ஒன்று மாட்டினாலும் சக்கரம் அப்படியே நின்றுவிடும். நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை தவறாமல் வெட்டுகிறவர்களுக்கு, சமமான தரை உள்ளவர்களுக்கு, இதைவிட நல்லது இல்லை என்பேன். வாங்கும்போது உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றி ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள், அகலம் முழுக்கத் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். விரலை மட்டும் தள்ளி வையுங்கள்.

இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவது பேட்டரி மிஷின், 34 செ.மீ. பேட்டரி 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி. விளம்பரங்களில் வோல்ட்டை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். இரண்டையும் பெருக்கினால்தான் உள்ளே எவ்வளவு சக்தி இருக்கிறது என்று தெரியும், இதில் 144 வாட் மணி. உலர்ந்த புல்லில் எனக்கு 25 நிமிடம் வருகிறது, ஈரப் புல்லில் பதினைந்தைத் தாண்டாது. வயர் வைத்த மிஷின் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் என் தோட்டத்தில் மரத்தைச் சுற்றி வயர் போக வேண்டும், வெட்டும்போது கண் எப்போதும் வயரிலேயே இருக்கும். வயர் மிஷின் வாங்கினால், மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச் இல்லாத இடத்தில் அதைச் செருகவே கூடாது.

பலரும் கேட்காமல் விடும் விஷயம் வெட்டும் உயரம். தரையோடு படர்கிற அருகம்புல்லை 2 முதல் 4 செ.மீ. வரை வைக்கலாம். என் மரத்தடியில் உள்ள அகல இலைப் புல்லை அந்த உயரத்துக்கு வெட்டினால் வழுக்கை விழும், அதற்கு 6, 7 செ.மீ. வேண்டும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 4 செ.மீ.யில் வைக்க நினைத்தால் 6 ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதனால் மிஷினின் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரே நெம்புகோலில் உயரம் மாறுவது வசதி. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக மாற்றுவதென்றால் நாளடைவில் யாரும் மாற்ற மாட்டார்கள்.

பிளேடுக்குக் கிட்டே கை போகும்முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கின் வயரை எடுத்துவிடுங்கள். ஒட்டின புல்லை வழிப்பதற்கு ஒரு நிமிடம்தானே என்றாலும் சரி.

நேற்றுத் தம்பியிடமிருந்து எல்லாம் வந்தது. 70 சதுர மீட்டர், சமதரை, அருகம்புல். போட்டோவிலேயே தெரிந்தது. அந்தப் புல்லுக்கு உருளைதான் பொருத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆனா அக்கா, நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுல இருப்பேன்" என்றான். அப்படியானால் உருளை வேண்டாம். அகலம் 33 செ.மீ.க்குப் பக்கத்தில், 3 செ.மீ. வரை இறங்கக்கூடிய பேட்டரி மிஷின் போதும் என்றேன்.

"எங்க வைப்பே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறதாம், எவ்வளவு என்று தெரியவில்லையாம். கைப்பிடி மடங்கினால் பாதி இடம் மிச்சம் என்று சொன்னேன். "இரு, அளந்துட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டுப் போனான்.