டென்ஷன் ஏறினால் சந்தோஷம்: ஜப்பானியர் பேச்சு ஆங்கிலம் பழகும் நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2025, திங்கள்

ஜப்பானில் பள்ளிக்கூடமும் பெரும்பாலான கம்பெனிகளின் கணக்கும் ஏப்ரலில்தான் புதுசாகத் தொடங்கும். 'இந்த வருஷம் ஆங்கிலம் பேசியே தீருவேன்' என்கிற சபதமும் இந்த வாரத்தில்தான் பிறக்கும். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்திலேயே நூறு மரபுத்தொடரை வரிசையாக எழுதுவார்கள். பத்தாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

முதல் பக்கத்தில் எழுத வேண்டியது ஏற்கெனவே தெரிந்த சொற்களைத்தான். ஜப்பானிய மொழிக்குள், வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கட்டகானா எழுத்தில் குடியேறிய ஆங்கிலச் சொற்கள் ஏராளம். அவற்றில் பல, வந்த இடத்தில் பொருளை மாற்றிக்கொண்டவை. 'வாசேய் எய்கோ' என்பார்கள், ஜப்பானில் செய்த ஆங்கிலம். 'டென்ஷோன்' ஏறினால் அங்கே உற்சாகம். நமக்கு டென்ஷன் என்றால் தலைவலி, ஆங்கிலேயருக்கு இறுக்கம். 'குரேமு' புகார். 'கன்னிங்கு' பரீட்சையில் காப்பி அடிப்பது. 'கொன்சென்தோ' சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். 'நாயீபு' மென்மையான மனசு. அதையே பாராட்டாக நினைத்து அமெரிக்கரிடம் 'நைவ்' என்று சொன்னால், 'விவரம் தெரியாத ஆள்' என்று அர்த்தமாகிவிடும். 'மான்ஷோன்' சாதாரண அடுக்குமாடி வீடு. 'ஐ லிவ் இன் எ மேன்ஷன்' என்றால் கேட்பவர் மாளிகையைக் கற்பனை செய்வார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பார்த்த நாம் இதற்குச் சிரிக்க முடியாது.

தாளை மூன்று பத்தியாக மடியுங்கள். முதலில் கட்டகானா சொல், அடுத்து ஜப்பானியப் பொருள், மூன்றாவதில் அந்தப் பொருளுக்கு ஆங்கிலேயர் வாயில் வரும் சொல். 'டென்ஷோன்' வரிசையில் மூன்றாம் பத்தியில் 'ஐம் ஸோ எக்ஸைட்டட்' வர வேண்டும். ஆங்கில 'டென்ஷன்' சொல்லுக்கு அகராதி தரும் பொருளை அங்கே எழுதினால் தாள் வீண். 25 சொல் போதும்.

ஏப்ரல் 10, வியாழன்

காது. சிக்கலில் பாதி இங்கேதான்.

ஜப்பானிய மொழி 'மோரா' என்கிற சம அளவுத் துண்டுகளால் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே அசையான 'ஸ்ட்ரைக்', அங்கே சு-தோ-ரா-இ-கு என்று ஐந்து துண்டு. மூன்று அசை மெக்டொனால்ட்ஸ், மா-கு-தோ-நா-ரு-தோ என்று ஆறாகும். அதனால் 'செக் இட் அவுட்' காதில் விழுந்தாலும், மனசு மூன்று தனிச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும். வந்ததோ 'செக்கிராவ்' என்கிற ஒரே உருண்டை.

இங்கேதான் ஜப்பானியருக்கு ஒரு சொத்து இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் 'ட்' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தை ஒரே தட்டுத் தட்டி விலகும். ஜப்பானிய 'ரா-ரி-ரு' வரிசையும் அதே தட்டுதான். நம் 'ர'கரமும் ஏறக்குறைய அதுவே. 'ஷட் அப்' அங்கே 'ஷராப்பு' என்று வழங்குவது இதனால்தான். 1841-ல் கடலில் திசைமாறி, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலால் காப்பாற்றப்பட்ட ஜப்பானின் தோசா நாட்டு மீனவப் பையன் நகஹாமா மஞ்சிரோ, முதலில் காதாலேயே ஆங்கிலம் பிடித்து, பிறகு அமெரிக்கப் பள்ளியிலும் படித்தவர். 'வாட்டர்' அவர் காதில் 'வாரா'. 'வாட் டைம் இஸ் இட் நவ்' என்பதற்கு 'ஹொத்தா இமோ இஜிருனா' என்று ஒரு வேடிக்கை வழங்குகிறது. 'தோண்டின கிழங்கை நோண்டாதே' என்று அர்த்தம். வேகமாகச் சொன்னால் அமெரிக்கர் மணி பார்த்துச் சொல்லிவிடுவார்.

பயிற்சி 15 நிமிஷம். 20 விநாடிப் பேச்சு ஒன்றை எடுங்கள். எழுத்து வடிவம் பார்க்காமல் மூன்று தடவை கேளுங்கள். காதில் விழுந்ததை, ஜப்பானியச் சொற்களுக்கான ஹிராகானா எழுத்தில் எழுதுங்கள்; கட்டகானாவில் எழுதினால் கை பழைய உச்சரிப்புக்கே ஓடும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டது, 'ட்' தட்டாக மாறியது, அல்லது ஓர் ஒலி விழுந்துவிட்டது. கடைசியாக 'ஷேடோயிங்', அதாவது குரலுக்கு ஒரு நிழல் பின்னால் சொல்லிக்கொண்டே போவது. ஐந்து தடவை பார்த்து, ஐந்து தடவை பார்க்காமல்.

இரண்டு பள்ளங்கள். ஒரே சொல்லுக்குள் 'ட்'டுக்கு அடுத்த உயிரில் அழுத்தம் விழுந்தால் தட்டு கிடையாது. 'ஹோட்டல்', 'கிட்டார்' இரண்டையும் 'ர' போட்டுச் சொன்னால் யாருக்கும் புரியாது. இன்னொன்று, தட்டு ஆங்கில t, d ஒலிகளுக்கு மட்டும்தான். ஆங்கில 'ஆர்' ஒலிக்கும் அதையே போட்டால் 'பெர்ரி' கேட்ட அமெரிக்கருக்கு 'பெட்டி' என்கிற பெண் பெயர் விழும். லண்டன் பேச்சைப் பழகுகிறவர் இந்தத் தட்டு வேலையை அவ்வளவாகத் தொட வேண்டாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

'டோன்ட் யூ லைக் நாத்தோ?' (நாத்தோ, புளிக்கவைத்த சோயா.) பிடிக்காதவர் ஜப்பானிய வழக்கப்படி 'ஹாய்', அதாவது ஆமாம் என்று ஆரம்பிப்பார்: நீங்கள் சொன்னது சரி, பிடிக்காது. தமிழிலும் 'பிடிக்காதா?' என்றால் 'ஆமா, பிடிக்காது' என்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'நோ'தான் வர வேண்டும். மாற்றி மாற்றி யோசிப்பதைவிட எஸ்-நோ இரண்டையுமே விட்டுவிட்டு, 'ஐ டோன்ட்' அல்லது 'ஐ டூ' என்று வினைச்சொல்லில் பதில் சொல்லிப் பழகுவது நல்லது. 'உட் யூ மைண்ட் இஃப் ஐ' என்று அனுமதி கேட்பவருக்கு 'ஷ்யூர், கோ அஹெட்'. 'எஸ்' என்று மட்டும் சொன்னால் கேட்டவர் தயங்கி நின்றுவிடுவார்.

'ஐம் குட்' இன்னொரு முடிச்சு. 'ஹவ் ஆர் யூ'வுக்கு அது நலம். 'மோர் காபி?'க்கு அது வேண்டாம். ஜப்பானியரிடம் இதற்கு அச்சு அசல் சொல் இருக்கிறது: 'தாய்ஜோபு தெசு'. 2020 ஜூலையிலிருந்து கடைப் பிளாஸ்டிக் பைக்குக் காசு. 'பை வேணுமா?' என்று கேட்டால் 'தாய்ஜோபு தெசு' என்கிறார்கள், வேண்டாம் என்று பொருள். மனப்பாடத்துக்கு எழுதும் அட்டையில் அகராதி விளக்கம் எதற்கு? இந்தச் சொல்லை எழுதினால் போதும்.

அதேபோல் 'டெல் மீ அபௌட் இட்'. புலம்பலுக்குப் பதிலாக அது வரும்போது பலர் உண்மையிலேயே கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இளைஞர்கள் சொல்லும் 'சோரேநா' என்று எழுதிக்கொண்டால் தீர்ந்தது. நம்மூரில் 'அதை ஏன் கேக்கறே!'

ஏப்ரல் 21, திங்கள்

சின்னக் குறிப்பு. 'நேற்று நண்பர்களோடு பிளே பண்ணேன்' என்று முப்பது வயசுக்காரர் சொல்வது 'அசோபு' என்கிற வினையால். அது விளையாட்டையும் ஊர்சுற்றலையும் சேர்த்துக் குறிக்கும். வேண்டியது 'ஹங் அவுட்'. 'போன் நம்பர் டீச் பண்ணுங்க' என்பது 'ஓஷிஎரு' செய்யும் வேலை. 'டெல்' அல்லது 'கிவ்' போடுங்கள். ஆட்டத்தில் தோழனைத் தேற்றும் 'டொன்மாய்', ஆங்கிலத்தில் 'டோன்ட் வொரி அபௌட் இட்'.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஷோவா நாள் விடுமுறை, 'கோல்டன் வீக்' என்கிற தொடர் விடுமுறையின் தொடக்கம். 'கோல்டன் வீக்'கும் ஜப்பானில் செய்த ஆங்கிலம்தான். விடுமுறைக்கு ஏற்ற பாடம் பேஸ்பால்.

1872-ல் ஹோரஸ் வில்சன் என்கிற அமெரிக்க ஆசிரியர் தோக்கியோ மாணவர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஆட்டம் இது. பதவியில் நீடிப்பதை ஜப்பானிய நாளிதழ்கள் 'சொகுதோ' என்று எழுதும். பந்துவீச்சாளர் தொடர்ந்து வீசுவது என்பது அதன் பொருள். ஆகவே அமெரிக்க பேஸ்பால் தொடர்களுக்கு ஜப்பானியர் மனசில் மைதானம் தயாராகவே இருக்கிறது. 'பால்பார்க் ஃபிகர்' குத்துமதிப்பான தொகை. 'ரைட் ஆஃப் தி பேட்' எடுத்த எடுப்பில். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 'ரெயின் செக்', மழையால் நின்ற ஆட்டத்துக்கு வேறு நாள் வரத் தந்த சீட்டு. இன்று 'இப்போ முடியாது, இன்னொரு நாள்'. ஜப்பானிய 'மாதா கொண்தோ' போலவே இதுவும் பல நேரம் நாசூக்கான மறுப்பு. தேதி கேட்டு நச்சரிக்கக் கூடாது.

ஆனால் ஆட்டச் சொற்களே வேறு. உடம்பில் பந்து படுவது அங்கே 'டெட் பால்', அமெரிக்காவில் 'ஹிட் பை பிட்ச்'. இரவு ஆட்டம் 'நைட்டா', ஆங்கிலத்தில் 'நைட் கேம்'.

மே 7, புதன்

கொச்சை. 'யபாய்' முன்பு ஆபத்து என்று பொருள்பட்டது. இப்போது ருசியான ராமென்னும் 'யபாய்'. ஆங்கில 'சிக்' நடந்த வழியும் அதே. 'வெறித்தனம்' என்று பாராட்டும் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. 'தட்ஸ் சிக்' பாராட்டாகவும் இருக்கலாம், அருவருப்பாகவும் இருக்கலாம். குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 'ஐம் சிக்' என்றால் காய்ச்சலேதான்.

பெரிய தப்பு மரியாதையில் நடக்கிறது. ஜப்பானியத்தில் கொச்சைக்குப் பின்னாலும் 'தெசு' என்கிற மரியாதை வாலை ஒட்டி மேலதிகாரியிடம் தப்பிக்கலாம். ஆங்கிலத்தில் ஒட்ட வால் இல்லை. மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை யாரிடமும்: 'நோ வொரிஸ்', 'சவுண்ட்ஸ் குட்'. மஞ்சள் நண்பர்களிடம்: 'ஐம் டவுன்', அதாவது நானும் வரேன். (ஜப்பானிய 'தவுன்' படுத்த படுக்கை, இதனாலேயே அழைப்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்று குழம்புகிறார்கள்.) சிவப்பு, கேட்டால் புரிந்தால் மட்டும் போதும்: வசைகள், பதின்வயதுக்காரர்களின் 'நோ கேப்' (பொய்யில்லை) வகையறா. 'கொன்னா' (கோயிங் டு), 'வொன்னா' (வான்ட் டு) இரண்டும் எந்த நிறத்திலும் சேராது. அவை வேக உச்சரிப்பு. பெரிய அதிகாரியும் பேச்சில் சொல்வார், கடிதத்தில்தான் எழுதக் கூடாது.

'பிஸ்ட்' சிவப்பு. லண்டனில் அது போதை, நியூயார்க்கில் கோபம்.

மே 12, திங்கள்

அட்டை எழுதும் முறை. நாளுக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். முன்பக்கம் சூழலும் ஜப்பானிய வாக்கியமும். பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம், ஓரத்தில் நிறப் புள்ளி. தனித் தொடரை எழுதினால் 'பீஸ் ஆஃப் கேக்' இனிப்புக் கடையிலேயே நின்றுவிடும். 'அந்தப் பரீட்சை அசாமேஷிமாஏ' என்று எழுதுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும் வேலை என்று பொருள். கைக்கு எட்டாத கனவான 'பை இன் தி ஸ்கை'க்குப் படத்தில் வரைந்த மோச்சி, அதாவது அரிசிக் கொழுக்கட்டை. ஆனால் 'பூனையின் கையையாவது கடன் வாங்கணும்' என்கிற வேலைப்பளுவுக்குப் பூனையைத் தேடாதீர்கள், 'ஐம் ஸ்வாம்ப்ட்'. பழைய சீனச் சொல் மாதிரி தோன்றும் 'இஸ்ஸெகி நிச்சோ', ஒரு கல் இரு பறவை, ஆங்கிலத்திலிருந்து வந்ததே. அதை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்.

1, 3, 7, 14 நாள் இடைவெளியில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று தடவை தடுக்கிய அட்டை என்றால் வாக்கியம் உங்கள் வாழ்க்கையில் இல்லாதது. கிழித்துப் போட்டுவிட்டு, அலுவலகத்திலோ ரயிலிலோ நாளைக்கே சொல்ல வாய்ப்புள்ள வாக்கியமாக மாற்றி எழுதுங்கள்.