கூச்சக்கார நாயைப் படமெடுக்க

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் நாயைப் படமெடுக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. ஆனால் ஓலை வழியாக வரும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழுந்தால் பிறகு திருத்துவது பெரும்பாடு. தோட்டத்துச் சாளையின் (தோட்ட வீட்டின்) திண்ணை நிழலே மேல். வெளிச்சம் சீராக இருக்கும். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்க. வெயில் ஏறினால் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கத் தொடங்கிவிடும்.

கூச்சமுள்ள நாயென்றால் முதல் 20 நிமிடம் கேமராவை வெளியே எடுக்காதீங்க. தரையில் பக்கவாட்டாக உட்காருங்க, கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். நேராக நீளும் லென்ஸ் அதற்கு முறைக்கிற கண் மாதிரி. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸோடு நாலைந்து மீட்டர் தள்ளியிருப்பது நல்லது. ஃபிளாஷ் கூடவே கூடாது.

துறுதுறு நாயை ஓடவிட்டே எடுங்க: ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஓடும் நாயை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பல கேமராக்களில் ஓடும் நாயின் கால்களை வளைத்துக் காட்டும், மெக்கானிக்கலே சரி. களைத்து உட்கார்ந்தபின் 1/250 போதும். ஊக்கத் தீனியாக உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி கொடுங்க, பட்டாணி அளவுத் துண்டுகளாக. கீச்சுப் பொம்மையை நாலு தடவை அமுக்கிவிட்டால் அப்புறம் காது நிமிராது. கடைசிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்க.

ஃபிரேமை நிறைக்கும் வெள்ளை ராஜபாளையம் நாய், கேமராவின் ஒளி மீட்டரை அப்படியே நம்பினால் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +2/3 ஸ்டாப் கூட்டுங்க. கறுப்பு நாய்க்கு அதே அளவு குறைக்கணும்.