பாண்டிங்கைக் குறை சொல்லும் முன்: ஒரு செராமிஸ்டின் நாட்குறிப்பு

நவம்பர் 3

கடலூர் பல் கிளினிக்கிலிருந்து ஒரு கடைவாய்ப்பல் கிரவுன், அதாவது பல்லின் மேல் மாட்டும் செயற்கை உறை, உடைந்து வந்தது. என்னைப் போல செயற்கைப் பல் செய்யும் வேறொரு செராமிஸ்டின் லேபில் செய்தது. உள்ளே சிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பீங்கானில் கோப்பிங் (உள்கூடு), அதன் மேலே பல் நிறத்தில் சுட்ட போர்சலின். துறைமுகம் பக்கத்துப் பெண்மணி, நண்டு ஓட்டைக் கடித்தபோது நாக்குப் பக்கம் சில்லு பெயர்ந்ததாம். "பாண்டிங் வீக்" என்று, அதாவது போர்சலினுக்கும் கோப்பிங்குக்கும் இடையிலான பிடிப்பு போதவில்லை என்று, டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தேன். பெயர்ந்த குழியில் சிர்கோனியா தெரியவே இல்லை. மெல்லிய போர்சலின் படலம் அடியில் அப்படியே இருக்கிறது, சிப்பியின் உள்புறம் போல வளைந்த வரிகளோடு. பிடிப்பு விட்டிருந்தால் கோப்பிங் மொட்டையாகத் தெரிந்திருக்கும். ஒட்டு நிற்கிறது; போர்சலின்தான் தனக்குள் உடைந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பழியை பாண்டிங் மேல் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 4

"ஐஎஸ்ஓ சோதனையில பாஸான போர்சலின் பவுடர்தானே அண்ணே?" என்று லேபில் கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பிடிப்பை அளக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9693 சோதனையில் 25 மி.மீ. நீளப் பட்டையின் நடுவில் 8 மி.மீ. நீளத்துக்குப் போர்சலின் சுட்டு, வளைத்து, எப்போது விடுகிறது என்று பார்ப்பார்கள். 25 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) தாண்டினால் தேறிவிடும். ஆனால் அது தட்டையான, மெல்லிய பட்டை. பல்லில் மேடும் பள்ளமும் உண்டு, ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. அந்தத் தடிப்பில்தான் வினை.

நவம்பர் 5

மழை. வேலை குறைவு, தம்பிக்கு நிதானமாகச் சொல்ல முடிந்தது. சிர்கோனியாவின் வளைவு வலிமை சுமார் 1000 மெகாபாஸ்கல். மேலே போடும் போர்சலினுக்கு 100 வந்தாலே பெரிது. கோப்பிங் தங்கக் கலவையாக இருந்தால் சட்டென்று வெப்பத்தைக் கடத்திவிடும், சிர்கோனியா அப்படிக் கடத்தாது. கிளேஸ் (பளபளப்புக்கான கடைசிச் சூடு) முடிந்ததும் பர்னஸை (சூளையை) அவசரமாகத் திறந்தால் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடுகிறது. தடிப்பான இடத்தில் உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கும்போது போர்சலினுக்குள்ளேயே இழுவிசை தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, வாயில் கடிக்கும்போது வெளியே வரும்.

பிடிப்பு கூடும் என்று கோப்பிங் மேல் அலுமினா தூளைப் பலமாகப் பீய்ச்சி அடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அடி வாங்கிய மேற்பரப்பில் சிர்கோனியாவின் டெட்ரகோனல் படிகம் மோனோகிளினிக் என்ற வேறு படிக அமைப்பாக மாறும், பருமன் ஏறத்தாழ 4% கூடும். விரிசலை நிறுத்த உதவும் அதே குணம்தான். ஆனால் மாறிய படலத்தின் வெப்ப விரிவு குறைவு. அதன் மேல் சுடும் போர்சலினோடு ஒத்துப்போகாது.

நவம்பர் 7

புது கோப்பிங்கை, கடிக்கிற பக்கம் வெறும் சிர்கோனியாவாகவும் கன்னத்துப் பக்கம் போர்சலினுக்குத் தாங்கலாகவும் வரும்படி டிசைன் செய்தேன். கன்னத்துப் பக்கம் வரும் போர்சலின் எங்கும் ஒரே அளவு, ஒன்றரை மி.மீ. தாண்டவில்லை. கடைசிச் சூட்டுக்குப் பிறகு, போர்சலின் இறுகும் வெப்பநிலையைக் கடக்கும்வரை மெதுவாக ஆறவிட்டேன். "இன்னும் திறக்கலையா அண்ணே?" என்றான் தம்பி. நான் திறக்க விடவில்லை.

நவம்பர் 8

டாக்டர் போனில், "முழுசா சிர்கோனியாவே போட்டுடலாமே?" என்றார். "கடைவாய்க்கு அதுதான் நல்லது மேடம், அடுத்த கேஸ்ல அப்படியே செய்வோம். இதுல கடிக்கிற பக்கம் வெறும் சிர்கோனியாதான் விட்டிருக்கேன், கன்னத்துப் பக்கம் மட்டும் போர்சலின்" என்றேன். பெட்டிக்குள் சீட்டும் வைத்தேன்: கடி சரிசெய்யத் தேய்த்தால் தண்ணீர் விட்டே தேய்க்கவும், சொரசொரப்பாக விடாமல் பாலிஷ் போட்ட பிறகே ஒட்டவும்.