ஹக்கத்தோனில் எங்கள் நிரலுக்கு நாங்கள் காட்டிய கணக்கு

திருகோணமலையில் நடந்த ஹக்கத்தோன், அதாவது குறித்த நேரத்துக்குள் குழுவாக மென்பொருள் உருவாக்கும் போட்டி ஒன்றில் நாங்கள் நால்வர் ஒரு குழுவாகப் பங்குபற்றினோம். கிண்ணியா, மூதூர் மீனவர்கள் கரைசேர்க்கும் சூரை, பாரை போன்ற மீன்களின் எடையையும் விற்ற விலையையும் கைத்தொலைபேசியில் பதிந்து வைக்க உதவும் செயலியை உருவாக்குவதே எங்கள் திட்டம்.

நிரல் முழுவதும் போட்டி நேரத்துக்குள் எழுதப்பட வேண்டும் என்றும், எவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்ட ஆயத்த நிரல் தொகுப்புகளான திறந்த மூல நூலகங்களைப் பயன்படுத்தலாம் என்றும் விதிமுறைகள் கூறின. எங்களில் ஒருவர் பாடவேலைக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்த உள்நுழைவுப் பகுதி இவற்றில் எதற்குள் அடங்கும் என்பது தெளிவாக இல்லாததால், போட்டி தொடங்குமுன்பே ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டோம். போட்டிக்கு முன்னரே திறந்த உரிமத்துடன் எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியிடப்பட்ட நிரல் மட்டுமே ஏற்கப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். ஒரு போட்டியை நேர்மையாக நடத்துவதென்றால் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் பகுதி அவ்வாறு வெளியிடப்படாதது என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினோம்.

பிறரிடமிருந்து எடுத்தவற்றை நிரலோடு வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் அவ்வப்போதே குறித்து வந்தோம். செயலியின் திரைகளை அமைக்க உதவும் ரியாக்ட் நூலகம், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதைப் பகிரும்போது அதன் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. துறைமுகப் பகுதியைக் காட்டும் வரைபடம், பலர் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுத்தது என்பதால், அதன் பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பைத் திரையின் மூலையிலேயே இட்டோம். செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு எழுதிய, செயலி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல்களையும் தனியாகக் குறிப்பிட்டோம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் இலங்கையில், மீனவர்களின் உண்மையான பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் செயல்விளக்கத்துக்காகத் திரையில் காட்டுவது முறையல்ல என்பதால், கற்பனைத் தரவுகளையே பயன்படுத்தினோம்.

சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கியபோது, நிரலில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமிக்கும் கிட் கருவியில் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒன்றாகச் சுருக்கிவிட்டால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்ற யோசனை குழுவுக்குள் எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. கிட் பதிவிலுள்ள நேரம் அவரவர் மடிக்கணினியின் கடிகாரத்திலிருந்து வருவது. வேண்டுமென்றால் அதை மாற்றியும் விடலாம். ஆகவே நேரத்தைவிட, வேலை படிப்படியாக வளர்ந்ததைக் காட்டும் சிறுசிறு பதிவுகளே நடுவர்களுக்கு நம்பத்தக்க சான்று. அவற்றை அப்படியே விட்டோம்.

நடுவர் ஒருவர் அந்தப் பதிவுகளின் பட்டியலைத் திறந்து, எடையைக் கிலோவில் கணக்கிடும் கோப்பைத் தெரிவுசெய்து, அதை எழுதியவரே விளக்க வேண்டும் என்றார். எங்கள் தோழி எழுந்து, தசமப்புள்ளியில் ஏற்பட்ட பிழையையும் அதைத் திருத்திய பதிவையும் காட்டினாள். எங்கள் குழுவின் வழிகாட்டி எந்த இடத்தில் உதவினார் என்ற கேள்விக்கு, தரவுத்தள வடிவமைப்பில் ஆலோசனை வழங்கினார், நிரல் எதையும் எழுதவில்லை என்று உள்ளதைச் சொன்னோம்.

உருவாக்கிய நிரல் குழுவுக்கே உரியது என்பது அந்தப் போட்டியின் விதி. எனவே முடிவுகள் வெளியானதும் நால்வரும் கூடிப் பேசி, அதை எம்ஐடி உரிமத்தில் வெளியிட எழுத்தில் உடன்பட்டோம்.