இங்கே எல்லோருக்கும் ‘டூ’தான்

சுவீடிஷில் எதிரில் இருப்பவரோடு பேச, நம் ‘நீ’ போன்ற ‘டூ’ ஒன்று போதும். டாக்டர், பேராசிரியர், பக்கத்து வீட்டுக் குழந்தை, யாராக இருந்தாலும் சரி. அரச குடும்பம் மட்டும் விலக்கு. அரசரிடம் பேசுபவர் ‘அரசர் நலமா?’ என்று அவர் முகத்தைப் பார்த்தே படர்க்கையில் கேட்க வேண்டும். எனக்கு அந்தச் சிக்கல் வரப்போவதில்லை. எனக்குச் சிக்கல் அறுபதை நெருங்கிய என் மேலாளரிடம்தான். பெயர் சொல்லி, டூ போட்டுப் பேச வேண்டுமாம். சின்ன வயதில் டூ விட்டால் பேச்சு நிற்கும். இங்கே டூவில்தான் பேச்சே தொடங்குகிறது.

முதல் குளிர்காலம் முழுக்க டூ வராத வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். நமக்கு இது கைவந்த கலைதானே. மாமனாரிடம் ‘நீங்கள்’ என்று சொல்லவும் கூச்சப்படும் மருமகன் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அந்த வினையில் ஆளும் இல்லை, வம்பும் இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது, சுவீடன்காரர்களும் ஒரு காலத்தில் இதையேதான் செய்திருக்கிறார்கள். ‘டாக்டர் நன்றாகத் தூங்கினாரா?’ என்று டாக்டரிடமே கேட்பார்கள். பட்டம் தெரியாத ஆள் என்றால் ‘ஒரு காபி ஆகட்டுமா?’ என்று ஆளே இல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். ‘நி’ என்று ஒரு சொல் இருந்தது. பலரைச் சேர்த்துச் சொல்லும் பன்மை அது. ஒருவரிடம் சொன்னால் மரியாதையாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் பட்டம் ஏதும் இல்லாத, தனக்குக் கீழே உள்ளவரிடம் சொல்லும் சொல்லாக அது தேய்ந்துபோயிருந்தது. 1967இல் மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், இனி ஊழியர் அனைவரையும் டூ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெயர் மட்டும் அவருக்குப் போனது.

இப்போது அந்த ‘நி’ கடைகளில் திரும்பி வந்திருக்கிறது. கல்லாவில் நிற்கும் இளைஞர்கள் சிலர் மரியாதை என்று நினைத்தே சொல்கிறார்கள். என் அம்மா வந்திருந்தபோது வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சுவீடன் பாட்டி நின்றார். கல்லாப் பெண் அவரிடம் ‘நி’ போட்டுப் பை வேண்டுமா என்று கேட்டாள். நெடிலாகத்தான் ஒலிக்கும் அது, அச்சு அசலாக நம் ‘நீ’. பாட்டியின் முகம் இறுகியது. அம்மா என் காதில், “பெரியவங்களைப் போய் நீங்கிறாளே!” என்றாள். இரண்டு கிழவிகளுக்கும் ஒரே சொல்லில் கோபம், வேறு வேறு காரணத்துக்காக. அந்தப் பெண் ஒருத்திதான் அதை மரியாதையாகச் சொன்னவள். யார் சரி என்று கேட்டால் மூன்று பேருமே சரி என்றுதான் சொல்வேன். இலக்கணப் புத்தகத்தில் இருப்பது ஒரே ‘நி’; காதில் விழுவதோ கேட்பவரின் வயது.

ஆண், பெண் என்று பிரிக்காத ‘ஹென்’ எனக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை. ‘அவர் வந்தார்’ என்று சொல்லி வளர்ந்தவனுக்கு அதில் என்ன அதிர்ச்சி? இங்கே 2012இல் பெரிய வாதமே நடந்தது. அப்போது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மனநிலை வெகுவாக மாறியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2015இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலிலும் ஏறிவிட்டது. படிக்கத் தடுக்கும் என்பது எதிர்ப்பாளர்கள் சொன்ன ஒரு காரணம். வாசிப்பவரின் கண்ணசைவை அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த தாமதம் மிகச் சிறியது.

என்னை உண்மையில் படுத்தியது ‘அவர்கள்’தான். எழுத்தில் எழுவாய்க்கு ‘டே’, செயப்படுபொருளுக்கு ‘டெம்’. பேச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘டொம்’. மொழி வகுப்பில் நாங்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டிருக்க, அலுவலக மின்னஞ்சல்களில் சுவீடன்காரர்களே இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள். எழுத்திலும் டொம் போதும் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று இன்னொரு கட்சி. என் மேலாளர் இரண்டாம் கட்சி. அனுப்பும் முன் எல்லோரும் தங்கள் மின்னஞ்சலை என்னிடம் காட்டுகிறார்கள். டே, டெம் திருத்துவது இப்போது எங்கள் குழுவில் என் வேலை.