பிசிர் விட்ட ஆக்ஸிலேட்டர் கேபிள்

பழைய கார்களில் வேலை செய்கிறவர்களிடம் எது சின்ன வேலை என்று கேட்டால், பலரும் ஆக்ஸிலேட்டர் கேபிள் மாற்றுவதைச் சொல்வார்கள். பொருளும் பெரிதில்லை, நேரமும் அதிகம் பிடிக்காது. ஆனாலும் இந்த வேலையை நான் அவசரமாகச் செய்வதில்லை. பழைய கேபிள் எந்த இடத்தில், எதனால் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதைக் கோத்தால், அதே இடத்தில் அதுவும் தேயும்.

பட்டறைக்கு வந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காரில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதனால் ஆக்ஸிலேட்டர் கேபிள் பெடலில் தொடங்கி, காரின் நடுவே ஓடும் சுரங்கக் கூட்டுக்குள் இருக்கும் குழாய் வழியாகப் பின்னால் போய், இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்பரேட்டரைச் சேர வேண்டும். வண்டிக்காரரின் புகார் இதுதான்: "காலை எடுத்த பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்க மாட்டேங்குது. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிடுங்க."

கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிளை மட்டும் கார்பரேட்டர் லிவரிலிருந்து விடுவித்து, லிவரைக் கையால் திறந்து விட வேண்டும். அது பட்டென்று மூடிக்கொண்டால் கார்பரேட்டரில் தவறில்லை. இந்தக் காரில் அப்படித்தான் மூடியது. அப்புறம் பெடலை மெல்ல மிதித்துப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு நெருடல் இருந்தது. கேபிளை முன்பக்கமாக உருவியபோது காரணம் தெரிந்தது. பெடலுக்குப் பக்கத்தில் மெல்லிய இழைகள் சில அறுந்து, பிசிராக நீட்டிக்கொண்டிருந்தன.

அறுந்த இழை தூண்டில் முள்ளைப் போல வேலை செய்யும். மிதிக்கும்போது காலின் பலத்தில் கேபிள் நகர்ந்துவிடும். திரும்பும்போது பிசிர் குழாயின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். திரும்பி இழுக்க இருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்தான், அதற்குக் காலின் பலம் கிடையாது. ஆக்ஸிலேட்டர் கேபிள் முழுதாக அறுந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். பிசிர் விட்ட கேபிள்தான் எனக்குப் பயம். கார்பரேட்டர் திறந்த நிலையிலேயே அது சிக்கிக்கொள்ளலாம், காலை எடுத்தாலும் வேகம் குறையாது. அப்படி நடந்தால் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக் பிடித்து ஓரம் கட்டிய பிறகு இன்ஜினை அணைக்கச் சொல்லி, வண்டியை எடுக்க வரும் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன். ஓடும்போது சாவியை உருவவே கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு.

சரி, இழை ஏன் அங்கே அறுந்தது? பெடலுக்குப் பின்னால் கேபிளைக் கோக்கும் லிவர் பக்கவாட்டில் ஆடியது. அது சுழலும் ஊசி தேய்ந்திருந்தது. அதனால் கேபிள் நேராக இழுபடாமல், ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. எஃகு இழை இழுவைக்கு நன்றாகத் தாங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் தாங்காது. முதலில் ஊசியை மாற்றினேன். கேபிள் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு கார் நினைவுக்கு வருகிறது. அதில் கேபிள் தேயவில்லை, கருகியிருந்தது. உறையின் பிளாஸ்டிக் உருகி உள்கம்பியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் சூடான பாகம் எதுவும் இல்லை. இன்ஜின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் மின் இணைப்புத் தர தடித்த எர்த் பட்டை ஒன்று இருக்கும். அந்தக் காரில் அது துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் நூறு ஆம்பியரைத் தாண்டும். அது பாட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் இரும்பாக ஆக்ஸிலேட்டர் கேபிளும் சோக் கேபிளும் இருக்கின்றன. அவ்வளவு மின்சாரத்துக்கு அந்த மெல்லிய கம்பி எப்படித் தாங்கும்? கருகிய கேபிளைப் பார்த்தால் முதலில் எர்த் பட்டையைத் தேடுவது அன்று முதல் என் வழக்கம்.

உறைக்குள் கம்பி ஓடும் இந்த அமைப்புக்கு எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896-ல் காப்புரிமை பெற்றார். இதில் உறைதான் எனக்குப் பிடித்த பகுதி. உள்கம்பி இழுபடும் அதே அளவுக்கு உறை அழுத்தம் வாங்கிக்கொள்கிறது. இன்ஜின் ஆடினாலும் உறை வளைந்து கொடுப்பதால் கம்பியின் இழுவை மாறுவதில்லை. உறையின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராவிட்டால் இந்தப் பலன் போய்விடும். கியர் போட்டுக் கிளப்பும்போது வண்டி தானாக ரேஸ் ஆகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்த இருக்கையையும் இன்ஜின் தாங்கிகளையும்தான். எண்ணெய் விடுவதிலும் கவனம் தேவை. உள்ளே நைலான் குழாய் வைத்த உறை காய்ந்தே இருக்கலாம். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து இறுகும்.

பீட்டிலுக்குத் திரும்புகிறேன். புதிய கேபிளுக்குக் கிரீஸ் தடவி, முன்னாலிருந்து பின்னால் தள்ளினேன். கார்பரேட்டர் பக்கம் வந்ததும் கூட வேலை செய்யும் தம்பியைப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொன்னேன். முழுதாக மிதித்த நிலையில் கார்பரேட்டர் லிவருக்கும் அதன் தடுப்புக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி விட்டு, கேபிளை லிவரோடு பிடிக்கும் ஸ்குரூவை இறுக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மிதிக்கிறவரின் காலின் முழு பலமும் கேபிளிலும் கார்பரேட்டரின் தண்டிலும் இறங்கும். பெடலை நாமே கையால் அழுத்தினால் இந்த அளவு சரியாக வராது. சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, ஓட்டும்போது மிதிக்கிற மாதிரியே மிதிக்க வேண்டும்.

இன்ஜினைக் கிளப்பி மிதித்து விட்டபோது சத்தம் உடனே இறங்கியது. ஸ்குரூவின் அழுத்தத்தில் புதிய இழைகள் கொஞ்சம் படியும், அதனால் இடைவெளி மாறக்கூடும். சில நாள் ஓட்டிவிட்டு அந்த ஸ்குரூவை இறுக்கிக்கொள்ள மறுபடி வரச் சொல்லி, பழைய கேபிளைப் பிசிரோடு வண்டிக்காரர் கையில் கொடுத்தேன். "கார்பரேட்டரை?" என்றார். அதைத் தொடவே இல்லை என்றேன்.